முதல் சர்வேயை அனுப்புவதற்கு முன்: பயனர் ஆய்வில் நம்பத் தகுந்த எண்களைச் சேகரிப்பது எப்படி

பயனர் ஆய்வு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் சர்வேதான். காரணம் புரிகிறது. கூகுள் ஃபார்ம்ஸில் பத்து நிமிடத்தில் ஒரு படிவம் தயார் செய்து லிங்க்கை அனுப்பிவிட்டால், சாயங்காலத்துக்குள் பதில்கள் வந்து குவிந்துவிடும், வட்ட வரைபடத்தையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். நேர்காணல் என்றால் பேசச் சம்மதிக்கிற ஆளைப் பிடிக்கவே ஒரு வாரம் ஓடிவிடும்.

ஆனால் நான் பார்த்தவரை, தப்பாகச் செய்வதற்கு இவ்வளவு சுலபமான ஆய்வு முறை வேறு இல்லை. தப்பாகச் செய்தோம் என்பதே கடைசிவரை தெரியாமல் போய்விடுவது இன்னும் மோசம். நேர்காணலில் கேள்வி புரியவில்லை என்றால் எதிரே இருப்பவரின் முகமே சொல்லிவிடும். சர்வேயில் புரியாத கேள்விக்கும் ஒரு பதில் வந்து விழும், அதுவும் புரிந்து சொன்ன பதில்களோடு கலந்து சதவீதமாகிவிடும், அப்புறம் அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி, லிங்க்கை அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியே இருக்கிறது.

பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தினசரி செலவை எழுதி வைக்க உதவும் ஒரு செயலி. நிறைய பேர் ஆர்வமாக ஆரம்பிக்கிறார்கள், சில வாரங்களில் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். "ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினால் என்ன?" என்று குழுவில் ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் "அது தொந்தரவு, ஆட்கள் செயலியையே அழித்துவிடுவார்கள்" என்கிறார். "சரி, ஒரு சர்வே போட்டுப் பார்த்துவிடுவோம்" என்று உங்கள் பக்கம் திரும்புகிறார்கள்.

சர்வேதான் வேண்டுமா?

எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை தடவை, எந்தப் பிரிவினரிடம் அதிகம் என்ற கேள்விகளுக்குத்தான் சர்வே. ஏன், எப்படி என்பவற்றுக்கு அது சரிவராது. ஆட்கள் ஏன் எழுதுவதை நிறுத்துகிறார்கள் என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது என்றால், நீங்களாக ஊகித்த ஐந்து காரணங்களைத்தான் விடைகளாகக் கொடுக்கப் போகிறீர்கள், அவர்களும் அந்த ஐந்தில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார்கள். உண்மையான காரணம் ஆறாவதாக இருந்தால் அது வரவே வராது. முதலில் ஏழெட்டுப் பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வாயிலிருந்து வருகிற காரணங்களை, அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை வைத்து "இதில் எது எத்தனை பேருக்கு?" என்று கேட்கும்போதுதான் சர்வேக்கு வேலை வருகிறது.

செயலியின் பதிவுகளிலேயே இருக்கிற தகவலையும் கேட்க வேண்டாம். மாதத்துக்கு எத்தனை தடவை திறக்கிறார்கள் என்பது சர்வரில் இருக்கிறது, மனிதர்களின் நினைவைவிட அது துல்லியமானது. "இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்பதையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வசதி வந்த பிறகு அவர்களில் எத்தனை பேர் அதைத் தொடுவார்கள் என்பதை அந்த 'ஆமாம்' சொல்லாது. நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: செலவை எழுத மறந்ததுண்டா, கடைசியாக மறந்தபோது என்ன செய்தீர்கள், வேறு எதிலாவது அலாரம் வைத்துக்கொண்டதுண்டா.

இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. ஒரு கேள்வியைக்கூட எழுதுவதற்கு முன், கடைசியில் காட்டப்போகிற அட்டவணையை எண்கள் இல்லாமல் வெறுமையாகப் போட்டுவிடுவேன். அதை எடுத்துக்கொண்டு போய் முடிவெடுக்கிறவரிடம், "இந்தக் கட்டத்தில் 15 சதவீதம் என்று வந்தால் என்ன செய்வீர்கள், 60 என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னால் அந்தக் கேள்வி சர்வேயில் இருக்க வேண்டியதில்லை. அரை மணி நேர வேலைதான், பாதிக் கேள்விகள் இங்கேயே உதிர்ந்துவிடும்.

யாரிடம் கேட்கிறோம்

1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜெஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-இல் ஜெயித்தார். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், பத்திரிகை கேட்டதில் மிகச் சிறிய பங்கு மக்களிடம் மட்டும் கேட்டு, வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

பத்திரிகை முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் புத்தகம், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து. பொருளாதார மந்தம் நீடித்த அந்தக் காலத்தில் ஃபோனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது: சீட்டு கிடைத்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பினார்கள், அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி வாக்களிக்கவில்லை. பட்டியலில் ஆள் விடுபடுவது ஒரு பிழை, பட்டியலில் இருந்தும் பதில் சொல்லாமல் போவது வேறொரு பிழை, 20 லட்சம் பதில் வந்தும் இந்த இரண்டில் எதையும் அது சரிசெய்யவில்லை.

நம் செயலிக்கு வருவோம். சர்வேயைச் செயலிக்குள்ளேயே ஒரு பெட்டியாகக் காட்டினால் யாருக்குத் தெரியும்? செயலியைத் திறக்கிறவர்களுக்கு. அவர்கள் யார்? எழுதுவதை விடாதவர்கள். விட்டுப்போனவர்களைப் பற்றிய கேள்வியை, விடாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தத் தவற்றை நானே ஒரு தடவை செய்து, வரைபடமெல்லாம் போட்டு முடித்த பிறகு, கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் "இதில் போனவர்கள் எங்கே?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. ஒரு மாத வேலை அந்தக் கேள்வியோடு முடிந்தது.

ஆக, முதலில் "நான் யாரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்?" என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "கடந்த ஆறு மாதத்தில் கணக்குத் தொடங்கி, குறைந்தது ஐந்து செலவாவது எழுதியவர்கள், இப்போது எழுதினாலும் எழுதாவிட்டாலும்" என்பது போல. அந்த வாக்கியத்துக்குப் பொருந்துகிற எல்லோருடைய பட்டியலையும் எடுத்து, ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தற்செயல் எண்ணைப் போட்டு, அந்த எண் வரிசைப்படி அடுக்கி, மேலிருந்து தேவையான அளவு பேரை எடுத்துக்கொள்ளலாம். போனவர்கள், இருப்பவர்கள் என்று இரண்டு பிரிவிலும் போதிய ஆட்கள் வேண்டுமென்றால் பட்டியலை முதலில் இரண்டாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் இதையே செய்யுங்கள். சமூக வலைத்தளத்தில் லிங்க்கைப் போட்டுக் கிடைக்கிற பதில்கள் கேள்விகளைச் சோதித்துப் பார்க்க உதவும், அதில் வருகிற சதவீதத்தை "நம் பயனர்களில் இத்தனை பேர்" என்று சொல்ல முடியாது.

எத்தனை பேர் போதும்?

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இது, உண்மையில் இதுதான் இருப்பதிலேயே லேசான பகுதி. பட்டியலிலிருந்து தற்செயலாக எடுத்த ஆட்கள் என்றால், 100 பதில்களுக்குப் பிழை வரம்பு (நமக்கு வந்த சதவீதம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது) ஏறக்குறைய கூட்டியோ குறைத்தோ 10 சதவீதப் புள்ளி. 400 பதில்களுக்கு 5 புள்ளி, 1000-க்கு 3 புள்ளி. 100-ஐ பதில்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் மனக்கணக்கிலேயே வந்துவிடும். 95 சதவீத நம்பகத்தன்மை என்று சொல்லப்படும் வழக்கமான அளவுக்கு, அதாவது இதே மாதிரி நூறு தடவை கேட்டால் 95 தடவை உண்மை இந்த வரம்புக்குள் இருக்கும் என்பதற்கு, இது போதும். பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பதையும் இதிலிருந்தே பார்க்கலாம், அதனால் ஓர் அளவுக்கு மேல் ஆள் சேர்ப்பதில் லாபமில்லை.

மொத்தப் பயனர்கள் பத்தாயிரமா பத்து லட்சமா என்பது இந்தக் கணக்கை அநேகமாகத் தொடுவதே இல்லை. ரத்தப் பரிசோதனைக்குக் குழந்தைக்கு ஒரு சொட்டு, பெரியவருக்கு ஒரு குடம் என்றா எடுக்கிறார்கள்? நன்றாகக் கலந்திருந்தால் போதும்.

ஆனால் இரண்டு பிரிவுகளை ஒப்பிட வேண்டுமென்றால் கணக்கு மாறும். 10 புள்ளி வித்தியாசத்தை ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் 400 பேர் அளவில் வேண்டும், 5 புள்ளி என்றால் ஒவ்வொன்றிலும் 1600. "வயது வாரியாகவும் ஃபோன் வாரியாகவும் பிரித்துக் காட்டுங்கள்" என்று யாராவது கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி எழுதுவது

அமெரிக்காவில் 1941-இல் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள், தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு பகுதியினரிடம் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம்தான். தர்க்கப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் 'தடை' என்ற சொல்லில் இருக்கிற கடுமை ஆட்களைப் பின்வாங்க வைத்துவிட்டது. ஒரே ஒரு சொல், 16 புள்ளி. மேலே பிழை வரம்புக்காக 400 பேரா 1000 பேரா என்று யோசித்தோமே, அதையெல்லாம் ஒரு சொல் விழுங்கிவிடும்.

தமிழில் கேள்வி எழுதும்போது இதற்கென்றே சில குழிகள் இருக்கின்றன. பெரும்பாலான கேள்வித்தாள்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மொழிபெயர்க்கப்படுவதால் அவை கண்ணில் படாமலே போகின்றன. "செலவை எழுதுகிறீர்களா?" என்பது வழக்கமாக எழுதுவதையா, இப்போது எழுதிக்கொண்டிருப்பதையா? படிக்கிறவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், நீங்கள் வேறொன்றை நினைத்திருப்பீர்கள். "எழுதுவது சுலபமாக இருந்ததல்லவா?" என்று ஓர் 'அல்லவா' சேர்ந்தாலே பதிலை வாயில் ஊட்டியாகிவிட்டது. "எப்போதாவது", "சில சமயம்", "அவ்வப்போது" என்று மூன்றையும் வரிசையாக விடைகளாகக் கொடுத்த ஒரு படிவத்தைப் பார்த்திருக்கிறேன், எது அதிகம், எது குறைவு என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்து வரிசை வரும். "மாதத்தில் ஒன்றிரண்டு நாள்", "வாரத்தில் ஒன்றிரண்டு நாள்", "அநேகமாகத் தினமும்" என்று எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

எதிர்மறை வாக்கியங்கள் இன்னும் கஷ்டம். "இந்தச் செயலியைப் பயன்படுத்துவது கடினமாக இல்லை" என்று எழுதி, விடையாக "உடன்படவில்லை" என்று கொடுத்தால், கடினமாக இல்லை என்பதில் உடன்படவில்லை, அதாவது கடினம் என்று படிக்கிறவர் மனசுக்குள் புரட்டிப் போட வேண்டும். பாதிப் பேர் புரட்டுவார்கள், பாதிப் பேர் மாட்டார்கள். 'செயலி வேகமாகவும் எளிமையாகவும் இருக்கிறதா?' என்பதில் இரண்டு கேள்வி ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் எழுதும்போது கை தானாக அப்படி எழுதிவிடும். 'உம்' இரண்டு தடவை வந்தால் நின்று பாருங்கள்.

சொற்களையும் ஆட்கள் பேசுகிற மாதிரியே வையுங்கள். 'அறிவிக்கை' என்பதைவிட 'நோட்டிஃபிகேஷன்' பலருக்குப் பழக்கமாக இருக்கலாம், சிலர் அதையே 'மெசேஜ்' என்பார்கள். முதலில் செய்த நேர்காணல்களில் எந்தச் சொல் அதிகம் வந்ததோ அதுவே சரியான சொல்.

விடைகளும் அளவுகோலும்

உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் முன்வைத்த முறைதான் இன்றும் எங்கும் இருக்கிற ஐந்து படி உடன்பாட்டு அளவுகோல்: ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'சற்றும் உடன்படவில்லை' வரை ஒன்றைத் தொடச் சொல்வது. பழகிப்போனது என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறோம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. சொல்லப்பட்ட வாக்கியத்துக்கு 'ஆமாம்' போட்டுவிடுவது மனித இயல்பு, மரியாதைக்காகவும் போடுவார்கள், சீக்கிரம் முடிக்கவும் போடுவார்கள். அதனால் "நினைவூட்டல் தொந்தரவாக இருக்கிறது, உடன்படுகிறீர்களா?" என்று கேட்பதைவிட, "நினைவூட்டல் எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது?" என்று நேரடியாகக் கேட்டு, "தொந்தரவே இல்லை" என்பதிலிருந்து "மிக அதிகத் தொந்தரவு" வரை ஐந்து படிகளையும் சொற்களால் பெயரிட்டுக் கொடுப்பது மேல். வெறும் 1, 2, 3 என்று விட்டால் 4 என்பது நல்லதா கெட்டதா என்று பாதியில் குழம்பிவிடுவார்கள்.

"எனக்குப் பொருந்தாது", "நினைவில்லை" என்பவற்றுக்கும் இடம் வையுங்கள். நினைவூட்டலையே இயக்காதவரிடம் அது எவ்வளவு தொந்தரவு என்று கேட்டு, ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகலாம் என்று வைத்தால், அவர் நடுவில் இருப்பதைத் தொடுவார். அந்த நடு, கருத்து இல்லாத ஒருவரின் கருத்தாக உங்கள் சராசரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பயன்பாட்டு எளிமையை அளக்க வேண்டுமென்றால் சொந்தமாக அளவுகோல் செய்யத் தேவையில்லை. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. பத்து வாக்கியங்கள், ஒன்றுவிட்டு ஒன்று நேர்மறையாகவும் எதிர்மறையாகவும் வரும், ஐந்து படி விடை. ஒற்றை எண் வாக்கியங்களில் விடையிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும், இரட்டை எண் வாக்கியங்களில் 5-லிருந்து விடையைக் கழிக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0-க்கும் 100-க்கும் இடையே ஒரு மதிப்பெண் வரும். அது சதவீதம் இல்லை. 68-ஐச் சராசரி என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், ஆக 70 வந்தால் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. தமிழில் கொடுப்பதென்றால் அந்த எதிர்மறை வாக்கியங்களை நான் மேலே சொன்ன குழியில் விழாமல் மொழிபெயர்க்க வேண்டும், அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

"நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரை கேட்கும் என்பிஎஸ் (நெட் ப்ரமோட்டர் ஸ்கோர்) என்ற அளவு 2003-இல் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவியது. 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். நிர்வாகம் கேட்டால் கொடுங்கள், ஆனால் வடிவமைப்பு முடிவை அதை வைத்து எடுக்காதீர்கள். ஒருவர் 1-லிருந்து 6-க்கு வந்தாலும் இந்த மதிப்பெண் அசையாது. 40 பேர் புகழ்ந்து 20 பேர் திட்டினாலும் 20, 20 பேர் புகழ்ந்து ஒருவரும் திட்டாவிட்டாலும் அதே 20.

வரிசையைப் பற்றிச் சுருக்கமாக: பொதுவான கேள்வி முதலில், குறிப்பானது பிறகு. நினைவூட்டலின் தொந்தரவு பற்றி மூன்று கேள்வி கேட்டுவிட்டு "மொத்தத்தில் செயலி எப்படி?" என்று கேட்டால், அவர் மனசில் அந்தத் தொந்தரவுதான் நிற்கும். பட்டியலாக வரும் விடைகளை ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிக் கலைத்துக் காட்டச் சொல்லிவிடுங்கள். வயது, தொழில் போன்றவை கடைசியில், அதுவும் பகுப்பாய்வுக்குத் தேவைப்பட்டால் மட்டும். மொத்தம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

ஐந்தாறு பேரை வைத்துச் சோதனை

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கேள்வித்தாளை ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதில் போடச் சொல்லுங்கள். நீங்கள் உதவக் கூடாது, விளக்கவும் கூடாது.

ஒரு தடவை "போன வாரம் எத்தனை நாள் செலவை எழுதினீர்கள்?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்றுதான் நினைத்தேன். எதிரே இருந்தவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். "திங்கள் எழுதினேன். செவ்வாய் மறந்துட்டேன். புதன்கிழமை உட்கார்ந்து செவ்வாய்க்கும் சேர்த்து எழுதினேன், அப்ப அது ஒரு நாளா, ரெண்டு நாளா?" என்று நிமிர்ந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "போன வாரம்னா ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சதா, இல்ல இன்னிக்கு வரைக்குமா?" என்றார் அடுத்து. பிறகு வீட்டுக்கு அனுப்பிய பணம் செலவில் சேருமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, சேராது என்று முடிவு செய்து, கடைசியில் 4 என்று போட்டார்.

ஒரு வரிக் கேள்விக்குள் மூன்று கேள்வி இருந்தது எனக்குத் தெரியவில்லை. சர்வேயை அப்படியே அனுப்பியிருந்தால் எனக்கு வந்து சேர்வது அந்த 4 மட்டும்தான். அந்த ஒரு பேச்சிலிருந்து கேள்வி இப்படி மாறியது: "கடந்த 7 நாட்களில், செலவு செய்த அன்றைக்கே அதைச் செயலியில் எழுதிய நாட்கள் எத்தனை?" இன்னொன்றும் கிடைத்தது: மறந்தவர்கள் அடுத்த நாள் சேர்த்து எழுதுகிறார்கள். நினைவூட்டல் ராத்திரியில் வர வேண்டுமா, காலையில் வர வேண்டுமா என்ற கேள்வியையே அதுவரை யாரும் எழுப்பியிருக்கவில்லை.

ஐந்தாறு பேர் போதும், பெரிய ஓட்டைகள் முதல் மூன்று பேரிலேயே தெரிந்துவிடும். திருத்திய பிறகு மறுபடி இரண்டு பேரிடம் காட்டுங்கள். அதன் பின் நிஜப் பட்டியலிலிருந்து ஒரு ஐம்பது பேருக்கு மட்டும் அனுப்பி, எந்தக் கேள்வியில் ஆட்கள் பாதியில் வெளியேறுகிறார்கள், சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள், தரவு சரியாகச் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

அனுப்பும்போது

எதற்காகக் கேட்கிறீர்கள், எத்தனை நிமிடம் ஆகும், பதில்களை யார் பார்ப்பார்கள் என்று மூன்று வரியில் சொல்லுங்கள். பதிலைப் பயனர் எண்ணோடு இணைத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் "பெயர் தெரியாது" என்று எழுதாதீர்கள், அது பொய். "உங்கள் பெயரோடு வெளியே காட்ட மாட்டோம்" என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். பதில் சொல்லாதவர்களுக்கு ஒன்றிரண்டு தடவை நினைவூட்டலாம். நினைவூட்டலுக்குப் பிறகு வந்த பதில்கள் முதலில் வந்தவற்றிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால், பதிலே சொல்லாதவர்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று ஒரு குறிப்பு கிடைக்கும்.

பதில்கள் வந்த பிறகு

முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கான விதிகளை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எல்லோரும் நான்கு நிமிடம் எடுத்த இடத்தில் நாற்பது வினாடியில் முடித்தவர், எல்லாக் கேள்விக்கும் ஒரே வரிசையில் தொட்டுக்கொண்டே போனவர், இரண்டு தடவை அனுப்பியவர், இவர்களையெல்லாம் என்ன செய்வது என்று. முடிவைப் பார்த்த பிறகு விதி எழுதினால் நமக்குப் பிடிக்காத பதில்கள்தான் முதலில் குப்பைக்குப் போகும்.

அடுத்து, பதில் சொன்னவர்கள் பட்டியலைப் போலவே இருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். உதாரணமாக, நம் பயனர்களில் 70 சதவீதம் புதியவர்கள், 30 சதவீதம் பழையவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொன்னவர்களில் இது தலைகீழாக இருக்கிறது: புதியவர்கள் 30, பழையவர்கள் 70. அன்றைக்கே எழுத மறந்ததாகச் சொன்னவர்கள் புதியவர்களில் 60 சதவீதம், பழையவர்களில் 20 சதவீதம். அப்படியே கூட்டினால் 32 சதவீதம் என்று வரும். உண்மையான விகிதப்படி எடை கொடுத்துக் கணக்கிட்டால், 60-இல் 70 சதவீதமான 42-உம், 20-இல் 30 சதவீதமான 6-உம் சேர்ந்து 48. மூன்றில் ஒருவர் என்று சொல்லியிருப்போம், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்பதே சரி. ஒரே தரவு, தீர்மானம் மாறிவிடுகிறது. ஆனால் எடை கொடுப்பதற்கும் எல்லை உண்டு. பதில் சொன்ன ஒரு சில புதியவர்கள், சொல்லாத புதியவர்களைப் போன்றவர்கள்தான் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து படி அளவுகோலில் சராசரி 3 என்றால், எல்லோரும் 3 போட்டிருக்கலாம், பாதிப் பேர் 1-உம் பாதிப் பேர் 5-உம் போட்டிருக்கலாம். முதலாவது அலட்சியம், இரண்டாவது சண்டை. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்ற பட்டை வரைபடத்தை முதலில் போடுங்கள்.

சின்னப் பிரிவுகளில் சதவீதத்தைத் தனியாக விடாதீர்கள். 20 பேரில் 12 பேர் என்றால் 60 சதவீதம்தான், ஆனால் உண்மை ஏறக்குறைய 39-க்கும் 78-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அந்த மாதிரி இடத்தில் "20-இல் 12 பேர்" என்றே எழுதுங்கள், படிக்கிறவருக்கு அளவு புரியும். மொத்த எண்ணையும் பிழை வரம்போடு சேர்த்துச் சொல்லுங்கள்: 400 பேர் பதில் சொன்னதில் 48 சதவீதம் என்றால், 43 முதல் 53 வரை, எடை கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் அகலமாக.

"நினைவூட்டல் வைத்திருப்பவர்கள் அதிகம் எழுதுகிறார்கள், ஆகவே நினைவூட்டல்தான் எழுத வைக்கிறது" என்று யாராவது உங்கள் அட்டவணையைக் காட்டிச் சொல்வார்கள். எழுதும் அக்கறை உள்ளவர்களே நினைவூட்டலையும் இயக்கியிருக்கலாம். எது எதை உண்டாக்கியது என்று இந்தச் சர்வே சொல்லாது. அதற்கு, தற்செயலாகப் பிரித்த இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு மட்டும் நினைவூட்டலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அறிக்கையின் முதல் பக்கத்தில், எந்த நாட்களில் கேட்டோம், எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், யார் விடுபட்டிருக்கலாம் என்பதை எழுதுங்கள், கேள்விகளை நீங்கள் கேட்ட அதே சொற்களில் இணைப்பாக வையுங்கள். அடுத்த வருஷம் வேறொருவர் இதே சர்வேயைத் திரும்பச் செய்து ஒப்பிட வேண்டியிருக்கும், சொல் மாறினால் எண்ணும் மாறும் என்று மேலே பார்த்தோம். "வேறு காரணம்" என்ற பெட்டியில் எழுதியவர்களை மட்டும் தனியாக எடுத்து, பேசச் சம்மதம் கொடுத்தவர்களில் ஐந்து பேரை அந்த வாரமே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.